மார்வின் கே: கொண்டாடிய ஆல்பமும் ஒதுக்கிய ஆல்பமும்

அமெரிக்க சோல் இசைப் பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ (1971) ஆல்பம் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? தலைப்புப் பாட்டை வெளியிடவே அவருடைய இசைத்தட்டு நிறுவனமான மோடவுனின் முதலாளி பெரி கோர்டி தயங்கினார். அது பிய்த்துக்கொண்டு போனது. 2020இல் ரோலிங் ஸ்டோன் இதழ் தன் தலைசிறந்த 500 ஆல்பப் பட்டியலில் இதற்குத்தான் முதலிடம் கொடுத்தது.

என் ஓட்டு என்னவோ 1978 டிசம்பரில் வந்த ‘ஹியர், மை டியர்’ பக்கம். விவாகரத்தான மனைவி அன்னாவுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை இந்த ஆல்பத்தின் வருமானத்திலிருந்து தருவதாக ஏற்பாடு. அந்த அன்னா வேறு யாருமல்ல, கோர்டியின் அக்காதான்!

இரண்டிலும் மார்வினின் குரல்மேல் அவர் குரலே அடுக்கி வரும். முதலாவதில் அது தற்செயல்: இரண்டு பதிவுகள் ஒன்றாக ஓடிவிட, கேட்க நன்றாயிருக்கிறதே என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள். அங்கே தெருவே சேர்ந்து பாடுவதுபோல் இருக்கும். இரண்டாவதில் மனுஷன் தன்னோடு தானே சண்டை போடுகிறார். காதல் எப்போது நின்றது என்று கேட்கும் மெட்டு மூன்று முறை திரும்புகிறது, ஒருமுறை வார்த்தையே இல்லாமல்.

வந்த புதிதில் விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள், விற்பனையும் படுத்தது. மதிப்பு கூடியதெல்லாம் 1984இல் அவர் இறந்த பிறகு.

புதிதாகக் கேட்பவர்கள் 1971இல் தொடங்கலாம். மற்றதற்கு ஹெட்போனும் ஒரு தனி இரவும் வேண்டும்.