ஜிபிஎக்ஸ் கோப்பில் பாயிண்ட் தேட எந்த வழி?

மண்டபத்தில் நாட்டுப்படகு வைத்திருக்கும் மாமா, தன் ஜிபிஎஸ் கருவியிலிருந்து எடுத்த ஜிபிஎக்ஸ் கோப்பை (இடங்களையும் தடங்களையும் எக்ஸ்எம்எல்லில் பதிந்து வைக்கும் கோப்பு) என்னிடம் கொடுத்து, "பார் கெடக்குற பாயிண்ட்ட மட்டும் எடுத்துக் குடு மாப்ள" என்றார். பார் என்றால் கடலடியில் மீன் கூடும் பாறை. கோப்பைத் திறந்தால் வரிசையாக 'டபிள்யூபிடி' உறுப்புகள், ஒவ்வொன்றும் ஒரு பாயிண்ட். பைத்தானில் எல்எக்ஸ்எம்எல் என்ற நூலகத்தை வைத்து, இரண்டு சாய்கோடும் அந்தப் பெயரும் போட்டு எக்ஸ்பாத் (எக்ஸ்எம்எல்லுக்குள் உறுப்புகளைத் தேடும் மொழி) எழுதினேன். விடை காலி. பிழைச் செய்தி கூட இல்லை. "வெறும் வலையில கூட பாசி வருமே" என்றார் மாமா.

காரணம், வேர் உறுப்பில் முன்னொட்டே (பெயருக்கு முன் வரும் சுருக்கக் குறி) இல்லாமல் அறிவித்திருக்கும் நேம்ஸ்பேஸ், அதாவது பெயர்கள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று சொல்லும் முகவரி. இப்படி முன்னொட்டில்லாமல் அறிவிப்பதுதான் இயல்பு நேம்ஸ்பேஸ். உள்ளே இருக்கும் உறுப்புகள் எல்லாம் அதைச் சேர்ந்தவை. ஆனால் 1999-இல் வந்த எக்ஸ்பாத் 1.0-க்கு, முன்னொட்டு இல்லாத பெயர் என்றால் எந்த நேம்ஸ்பேஸிலும் சேராத உறுப்பு.

பலரும் முதலில் செய்வது, அந்த அறிவிப்பையே தேடி அழித்துவிடுவது. வேலை நடக்கும்தான். எனக்குப் பிடிக்காது, அடுத்தவர் கோப்பில் கைவைக்கிற வேலை.

இரண்டாவது, எக்ஸ்பாத்தில் உள்ள லோக்கல்-நேம் என்ற செயற்கூறு. நேம்ஸ்பேஸைக் கண்டுகொள்ளாமல் பெயரை மட்டும் ஒப்பிடும். ராமேஸ்வரத்துத் தெருவில் "சேது" என்று கூப்பிடுவது மாதிரி. நாலு பேர் திரும்புவார்கள். கருவி செய்தவர்கள் தங்கள் நேம்ஸ்பேஸில் சேர்த்த கூடுதல் உறுப்புக்கும் அதே பெயர் இருந்தால் அதுவும் வந்து விழும். பாதை நீண்டால் கண்ணும் வலிக்கும். பைத்தான் 3.8 முதல், அதனோடே வரும் எலிமென்ட்ட்ரீ நூலகத்தில் நெளிவு அடைப்புக்குள் நட்சத்திரம் போட்டால் இதே வேலை சுருக்கமாக முடியும்.

மூன்றாவது, நாமே ஒரு முன்னொட்டைப் பதிவு செய்வது. 'ஜி' என்று வைத்தேன். கோப்பில் அந்த எழுத்து இருக்கவேண்டியதில்லை, நேம்ஸ்பேஸ் முகவரி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் போதும். ஆனால் பாதையின் ஒவ்வொரு படியிலும் முன்னொட்டு வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் பண்புகள், அதாவது உறுப்பின் தொடக்கக் குறிக்குள்ளேயே எழுதும் மதிப்புகள். அவற்றுக்குப் போடக்கூடாது, இயல்பு நேம்ஸ்பேஸ் பண்புகளைத் தொடாது. நான் அங்கேயும் போட்டு அரைமணி நேரம் முழித்தேன். வேரின் நேம்ஸ்பேஸ் பட்டியலை அப்படியே எக்ஸ்பாத்துக்குக் கொடுத்தாலும் ஆகாது. முன்னொட்டு காலியாக இருப்பதை எல்எக்ஸ்எம்எல் ஏற்காமல் பிழை காட்டும்.

எக்ஸ்பாத் 2.0-இல் இயல்பு நேம்ஸ்பேஸை வெளியிலிருந்தே சொல்லிவிடலாம். அதை ஆதரிக்கும் சாக்ஸன் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் சுகம். எல்எக்ஸ்எம்எல் 1.0-ஓடு நிற்கிறது.

சரி, முன்னொட்டுதான் என்று முடிவு செய்தேன். அப்புறம் மாமா தன் பழைய கருவியின் கோப்பைக் கொண்டுவந்தார். மறுபடி காலி! அது ஜிபிஎக்ஸ் 1.0, முதல் கோப்பு 1.1, இரண்டுக்கும் நேம்ஸ்பேஸ் வேறு. லோக்கல்-நேம் என்றால் இரண்டையும் சத்தமில்லாமல் அள்ளியிருக்கும். ஆனால் 1.0-இல் தடப்புள்ளிக்குள் வேகம், திசை என்று உறுப்புகள் உண்டு, 1.1-இல் அவை இல்லை. கோப்பு மாறியதே தெரியாமல் அள்ளுவதைவிட, காலியைப் பார்த்து வேரைத் திறந்து பார்ப்பது மேல் என்று பட்டது. இரண்டாவது முன்னொட்டு ஒன்று சேர்த்தேன், பட்டியல் வந்துவிட்டது.

மாமா வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "ஒங்கிட்ட இருக்குறத அழிச்சிரு மாப்ள. நம்ம பார் ஊருக்குத் தெரியக்கூடாது."