கிரேடில்: அடிக்கடி கரன்ட் போகும் ஊரில் எப்படி ஓடுகிறது?

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கத்துக் கல்லூரி லேப்களிலும் சிறு மென்பொருள் அலுவலகங்களிலும் ஆண்ட்ராய்டு வேலை என்றால் பில்டுக்கு, அதாவது நிரலைத் தொகுத்துச் செயலியாக்கும் வேலைக்கு, கிரேடில்தான். கருவி நல்ல கருவி. ஆனால் இணையம் அறுபடாது, மெமரி தாராளமாக இருக்கும் என்று நம்பி அதன் அமைப்புகளை வைத்திருக்கிறார்கள். பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிற்கிற, ஐப்பசி மழையில் இணையம் விட்டுவிட்டு வருகிற நம் பக்கத்தில் அவற்றை மாற்றாமல் விடக் கூடாது.

முதலில் மெமரி. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ தரும் புது புராஜெக்டில் கிரேடில் டீமனுக்கு (பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் கிரேடில் நிரல்) 2048 எம்பி வரை அனுமதி. கோட்லின் மொழியின் கம்பைலர் தனி டீமனாக ஓடும்; அதற்கென்று எதுவும் எழுதாவிட்டால் அதே உச்சவரம்பை எடுத்துக்கொள்ளும். இவற்றோடு ஸ்டுடியோவும் எமுலேட்டரும் (கணினிக்குள் ஓடும் போலிக் கைப்பேசி) திறந்திருந்தால் 8 ஜிபி கணினி திணறும். டீமன் திடீரென மறைந்துவிட்டது என்ற செய்தியோடு பில்ட் நிற்கும். சிறிய புராஜெக்ட் என்றால் ‘கிரேடில்.புராப்பர்ட்டீஸ்’ கோப்பில் டீமனுக்கு 1536 எம்பி, அதிகபட்ச வொர்க்கர் (ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகள்) 2, கோட்லினுக்கு இன்-பிராசஸ் முறை (தனி டீமன் இல்லாமல் கிரேடில் டீமனுக்குள்ளேயே ஓடுவது) என்று வையுங்கள். எமுலேட்டரை மூடிவிட்டுக் கைப்பேசியை யுஎஸ்பியில் இணைத்தால் இன்னும் நிம்மதி. வேலையில்லாத டீமன் 3 மணி நேரம் மெமரியைப் பிடித்துக்கொண்டிருக்கும். ‘ஸ்டாப்’ கட்டளை அதே பதிப்பின் டீமன்களை மட்டுமே நிறுத்தும் என்பதால், இரண்டு பதிப்பு புழங்கும் இடத்தில் இரண்டு புராஜெக்டிலிருந்தும் அதைக் கொடுக்க வேண்டும்.

இணையப் பிரச்சினைக்குக் கிரேடிலே நல்ல வழி வைத்திருக்கிறது. ரேப்பர் (புராஜெக்டுக்கு வேண்டிய கிரேடில் பதிப்பை இறக்கித் தரும் சிறு நிரல்) இறக்கும் ஜிப் ‘ஆல்’ வகையாக இருந்தால் ‘பின்’ ஆக மாற்றுங்கள். ‘ஆல்’ கூடவே கொண்டுவரும் ஆவணமும் மூலநிரலும் பில்டுக்குத் தேவையில்லை. ஒரு கணினியில் பில்டை முழுசாக ஓட்டி, பயனரின் ‘.கிரேடில்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ரேப்பர்/டிஸ்ட்ஸ்’, ‘கேஷஸ்/மாட்யூல்ஸ்-2’ என்ற இரு ஃபோல்டர்களையும் பென்டிரைவில் மற்ற கணினிகளுக்குக் கொண்டுபோகலாம். கொண்டுபோகும் முன் எல்லா டீமனையும் நிறுத்தி, மாட்யூல்ஸ்-2-க்குள் இருக்கும் ‘லாக்’ கோப்புகளையும் ‘ஜிசி.புராப்பர்ட்டீஸ்’ கோப்பையும் நகலிலிருந்து அழித்துவிட வேண்டும். ரேப்பர் ஃபோல்டரின் பெயர் இறக்கும் இணைப்பிலிருந்து கணக்கிடப்படுவது; இணைப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி இறக்கத் தொடங்கும். பிறகு ‘--ஆஃப்லைன்’ போட்டால் பில்ட் இணையத்தைத் தேடாது. நூலகப் பதிப்பை ‘1.+’ (1-இல் தொடங்கும் பதிப்புகளில் புதியது) என்று எழுதும் பழக்கத்தை விடுங்கள்; ஆஃப்லைன் போடாத பில்ட் 24 மணி நேரம் கழிந்ததும் புதியது உண்டா என்று கேட்க இணையத்துக்குப் போகும், லைன் இல்லாவிட்டால் பில்ட் விழும்.

யுபிஎஸ் இல்லாத கணினியில் பில்ட் நடுவே கரன்ட் போனால், அடுத்த முறை ‘மெட்டாடேட்டா.பின்’ கோப்பைப் படிக்க முடியவில்லை என்று வரலாம். பலர் பதறிப்போய் ‘.கிரேடில்’ ஃபோல்டரையே அழித்துவிடுகிறார்கள். வேண்டாம்! கேஷஸ் ஃபோல்டருக்குள் (புதிய பதிப்புகளில் அதனுள் கிரேடில் பதிப்பு எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டருக்குள்) ‘டிரான்ஸ்ஃபார்ம்ஸ்’ என்று தொடங்கும் ஃபோல்டரை மட்டும் அழித்தால் போதும். மாட்யூல்ஸ்-2 போனால் எல்லா நூலகங்களையும் திரும்ப இறக்க வேண்டியிருக்கும்.

கடிகாரத்தை ஓடவைக்கும் சிமாஸ் பேட்டரி செத்த பழைய லேப் கணினிகளில் கரன்ட் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். கோப்பின் நேரத்தை நம்பும் ‘மேக்’ என்ற பழைய பில்ட் கருவி இங்கே குழம்பி, திருத்திய கோப்பைக் கம்பைல் செய்யாமல் விடும். கிரேடில் கோப்பின் உள்ளடக்கத்துக்கு ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) போட்டு ஒப்பிடுவதால் இந்தச் சிக்கலுக்கு இடமே குறைவு. எனக்கு இதில் மிகவும் பிடித்த அம்சம் இதுதான். ஆனாலும் தேதியைச் சரிசெய்த பிறகே பில்டைத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் நூலகம் இறக்கும்போது எஸ்எஸ்எல் சான்றிதழ் பிழை வரும்.

வெறும் ஜாவா மினி புராஜெக்டுக்கு மேவன் என்ற இன்னொரு பில்ட் கருவியே போதும், மெமரியும் குறைவாகத்தான் எடுக்கும். ஆண்ட்ராய்டுக்கோ பல மாட்யூல் உள்ள பில்லிங் மென்பொருளுக்கோ கிரேடிலைத் தயங்காமல் எடுக்கலாம். ஆண்ட்ராய்டு அல்லாத புராஜெக்டுக்கு, லேப்பில் ஜாவா 11 மட்டும் இருந்தால் ரேப்பரை 8-ஆம் பதிப்பிலேயே நிறுத்துங்கள். கிரேடில் 9 ஓடக் குறைந்தது ஜாவா 17 வேண்டும்.