385 ரூபாய் கால்குலேட்டரும் 6174-ம்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஒரு ஐஸ் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறேன். மேசையில் வைத்துத் தட்டுகிற 12 இலக்கக் கால்குலேட்டர் ஒன்றைத் திருப்பாதிரிப்புலியூரில் 385 ரூபாய்க்கு வாங்கி எட்டு மாதம் ஆகிறது. கம்பெனி பெயரும் வேண்டாம், கடை பெயரும் வேண்டாம்.

எந்தக் கால்குலேட்டரையும் 6174 வருகிறதா என்று பார்த்துத்தான் வாங்குவேன். நான்கு இலக்க எண் ஏதாவது ஒன்று. நான்கும் ஒரே இலக்கமாக மட்டும் இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்கு வரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஏறு வரிசையில் அடுக்கியதைக் கழிக்க வேண்டும். வந்த விடையை மறுபடி அப்படியே. ஏழு தடவைக்குள் 6174-இல் வந்து நின்றுவிடும். அதற்கப்புறம் நகராது, 7641-இல் 1467 போனால் மீண்டும் அதே 6174. நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர் கண்டுபிடித்து, 1949-இல் மெட்ராஸில் நடந்த கணித மாநாட்டில் சொன்னது இது.

கடலூர்க்காரனுக்கு நான்கு இலக்க எண்ணுக்கா பஞ்சம்? சுனாமி வந்த 2004-ஐப் போட்டேன். 4200-இல் 0024 போனால் 4176, அடுத்த கழித்தலிலேயே 6174. தானே புயலடித்த 2011 நாலு தடவை எடுக்கும். வெள்ளம் வந்த 2015தான் லேசில் விடாது: 5085, 7992, 7173, 6354, 3087, 8352, அப்புறம்தான் 6174. முழுசாக ஏழு. என் முதல் கால்குலேட்டர் போனதும் அந்த வெள்ளத்தில்தான். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், வட்டிக் கணக்கா?" என்றார்.

மூன்றும் சரியாக வந்தன. இலக்கம் பெரிசு, வெயிலிலும் தெரிகிறது. இரட்டைச் சுழி பொத்தான் எங்களுக்கு வரப்பிரசாதம். முன்னால் வரும் சுழியைக் காட்டாது, ஆனால் எந்தக் கால்குலேட்டர்தான் காட்டுகிறது? 2111-இல் 1112 போனால் திரையில் 999தான் நிற்கும். அதை 0999 என்று மனசில் வைத்துக்கொள்ளாவிட்டால் அடுத்தது 0 ஆகிவிடும். என் மகள் அப்படித்தான் "உங்க காப்ரேகர் தோத்துட்டார்ப்பா" என்று குதித்தாள்.

ஆறாம் மாதம் வினை வந்தது. ஒருநாள் கணக்கு 4,300 ரூபாய் இடித்தது. இடிக்கிற தொகை 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறி விழுந்திருக்கிறதோ என்றுதான் எங்கள் தொழிலில் முதலில் பார்ப்போம். 6174-ஐத் தேடிப் போகும்போது வருகிற ஒவ்வொரு விடையும் 9-ஆல் வகுபடுவதும் அதே காரணத்தால்தான். 4,300 வகுபடவில்லை. சரி என்று பழைய 2004-ஐத் தட்டினேன். முடிவில் 62964 என்று நின்றது. 7 பொத்தான் ஒரு தட்டுக்கு இரண்டு தடவை விழுகிறது! 475 ரூபாய் பில் 4775 ஆகியிருந்தது. 6174-ஐப் பிரித்தால் 18 பெருக்கல் 343; அந்த 343-க்குள்ளே மூன்று ஏழு. பழுதாகப் போகிற பொத்தானும் அதுவாகவா இருக்க வேண்டும்?

அட்டைப்பெட்டியில் ஒரு வருட உத்தரவாதம் என்று அச்சடித்திருக்கிறது. கடையில் கேட்டால், பொத்தானுக்குக் கிடையாதாம். கடைசியில் தெருவோரம் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் அண்ணன் கழற்றி, பொத்தானுக்கு அடியிலிருந்த ரப்பரை ஸ்பிரிட் வைத்துத் துடைத்துக் கொடுத்தார். உப்புக்காற்று என்றார். 30 ரூபாய்.

ஐந்துக்கு மூன்று. துறைமுகத்தை விட்டுத் தள்ளி இருப்பவர்கள் நாலு என்று வைத்துக்கொள்ளலாம்.