அக்குள் மஞ்சளும் அட்டை விறைப்பும்: பெராக்சைடு, வினிகர், சோடா ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

நண்பர் ஒருவர் கேட்டார்: “வெள்ளைச் சட்டை எல்லாம் அக்குள்ல மஞ்சளாயிடுச்சு. நீ வீட்டுல இருக்கறத வெச்சே எடுத்துடுவியே, எதைப் போடுற?” ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரியைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அதை நம்பிப் போட்டுவிட்டுச் சட்டையைத் துடைக்கும் துணியாக்கியவர்கள் ஏராளம். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

சட்டை மாட்டும்போது பக்கவாட்டில் அப்பிக்கொள்ளும் வெள்ளைத் தடத்தை முதலில் முடித்துவிடலாம். அது கறையே இல்லை, டியோ (டியோடரன்ட்) ஸ்டிக்கின் மெழுகும் பொடியும் துணியின் மேலே ஒட்டி நிற்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் தொடாமல், உலர்ந்த பழைய சாக்ஸைச் சுருட்டித் தேய்த்தால் போய்விடும். ஈரத்துணியால் தேய்த்தால் இழைக்குள் இறங்கும்.

மஞ்சள் வேறு விஷயம். வியர்வைக்கு நிறம் கிடையாது. டியோவிலும் மஞ்சள் கிடையாது. இரண்டும் சேர்ந்தால்தான் வம்பு. வாசனைக்கு மட்டும் போடும் டியோ ஒரு வகை, வியர்வையையே நிறுத்தும் ஆன்டிபெர்ஸ்பிரன்ட் இன்னொரு வகை. இரண்டாவதில் அலுமினிய உப்புகள் இருக்கும். டப்பாவின் பின்பக்கம் அலுமினியம் குளோரோஹைட்ரேட் என்றோ அலுமினியம் சிர்கோனியம் என்றோ பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த உப்புதான் வியர்வைத் துளையில் பசைபோல் படிந்து அடைக்கிறது. மிச்சமிருப்பது சட்டைக்கு வந்து, வியர்வையின் புரதத்தோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் சேர்ந்து இழையில் குடியேறுகிறது. 1903-இல் விற்பனைக்கு வந்த ‘எவர்ட்ரை’ என்ற ஆரம்பகால வியர்வைத் தடுப்பானில் இருந்த அலுமினியம் குளோரைடின் அமிலம் துணியையே அரித்ததாம். இப்போதைய உப்புகள் அந்த அளவுக்குக் கடுமையானவை இல்லை. ஆனால் துணியோடு இருக்கும் பகை தீரவில்லை.

இனி நான் விடாமல் பயன்படுத்திவரும் கலவை. மருந்துக்கடையில் காயத்துக்கு வாங்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டு பங்கு, பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு பங்கு, கெட்டியாகும் அளவுக்குச் சமையல் சோடா. சட்டையை உட்புறம் திருப்பி, மஞ்சள் தெரியும் இடம் முழுக்கத் தடவி, பழைய டூத்பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து, அரைமணியிலிருந்து ஒருமணி நேரம் விட்டுவிட வேண்டும். வெயிலில் வேண்டாம், நிழலே போதும். பிறகு குளிர்ந்த தண்ணீரில் அலசி வழக்கம்போல் துவைக்கலாம். தலைமுடி வெளுக்க விற்கும் அதிக வீரியமுள்ள பெராக்சைடு இதற்கு ஆகாது, தோலைச் சுட்டுவிடும்.

வெள்ளைப் பருத்தியில் இது செய்யும் வேலையைக் குறை சொல்லவே முடியாது. லிக்விட் எண்ணெய்ப் பிசுக்கைக் கழற்றுகிறது, பெராக்சைடு ஆக்சிஜனேற்றத்தால் மஞ்சள் நிறத்தை உடைக்கிறது. வேலை முடிந்ததும் தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடுவதால் வாடையும் தங்காது. இனி வெளியே போட முடியாது என்று ஒதுக்கி வைத்திருந்த சட்டைகளை மறுபடி அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். மஞ்சளுக்கு இதற்கு மேல் வீட்டுப் பொருள் எதுவும் எனக்குத் தெரியாது.

ஆனால் எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று இருக்கிறது. மஞ்சள் போனபின் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். சட்டை முழுக்க மெத்தென்று இருக்கும், அக்குளில் மட்டும் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். சட்டைக்கையின் தையலும் பக்கவாட்டுத் தையலும் சந்திக்கும் முனையில் துணி பல மடிப்பாக இருக்கிறது. அங்கேதான் விறைப்பு மோசம். நகத்தால் சுரண்டினால் வெள்ளையாகப் பொடி வரும். கண்ணுக்குச் சட்டை சுத்தம், ஆனால் நாள் முழுக்க அந்த முனை உள்ளே உரசிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் வியர்த்ததும், துவைத்த சட்டையிலேயே பழைய வாடை கிளம்பும். நிறம்தான் போயிருக்கிறது, படிவு அங்கேயே இருக்கிறது. பெராக்சைடைப் புகழ்ந்து எழுதும் யாரும் இதைச் சொல்வதில்லை. சட்டையை மேசையில் விரித்துப் படம் எடுத்தால் விறைப்பு தெரியாது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த விறைப்புக்கு விடை வினிகர்தான். சாதாரண வெள்ளை வினிகரில் சுமார் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். அதே அளவு தண்ணீர் கலந்து, அக்குள் பகுதி முழுகும்படி ஒரு கிண்ணத்தில் ஒருமணி நேரம் ஊற விட வேண்டும். அமிலம் அந்த அலுமினியப் படிவை இளக்குகிறது. தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் சோப்போடு சேர்ந்து படியும் சுண்ணாம்பும் கூடவே இளகும். ஊறியபின் தையல் முனையை இரண்டு விரலால் பிடித்துக் கசக்கினால் கலங்கலாகத் தண்ணீர் இறங்கும். துணி மறுபடி துணியாக மடங்கும். மஞ்சள் போனதைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. கறுப்புச் சட்டைக்கு இது இன்னும் பெரிய உபகாரம். அதில் மஞ்சள் தெரியாது, சாம்பல் பூத்த மாதிரி ஒரு படிவுதான் தெரியும். பெராக்சைடைக் கறுப்பின் பக்கம் கொண்டுபோகவே முடியாது, சாயம் வெளுத்துவிடும். வினிகரைத் தைரியமாகப் போடலாம். அப்போதும், சாயம் ஒட்டுகிறதா என்று உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

வினிகரில் ஊறிய சட்டைக்குப் பெராக்சைடும் தேவைப்பட்டால் நடுவில் நன்றாக அலசியே ஆக வேண்டும். இரண்டும் கலந்தால் பெராசிட்டிக் அமிலம் உண்டாகும், அது கண்ணையும் மூச்சையும் எரிக்கும். குளோரின் ப்ளீச்சோடு வினிகர் சேர்வது அதைவிட ஆபத்து, குளோரின் வாயு கிளம்பும். அந்த ப்ளீச்சைத் தனியாகவும் இந்தக் கறைக்குப் போடாதீர்கள். வியர்வைப் புரதத்தோடு சேர்ந்து அது மஞ்சளை இன்னும் அழுத்தமாக்கும். வெள்ளைத் துணிக்கு ப்ளீச் என்று கை தானாகப் போகும் இடம் இதுதான்.

இப்போது என் பொறுமையைச் சோதிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கறையின் மேல் சோடாவைத் தூவு, மேலே வினிகரை ஊற்று, புஸ்ஸென்று நுரைக்கும், கறை போயிற்று. இந்தக் குறிப்பு இல்லாத இடமே இல்லை. சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடு வாயுவும் தண்ணீரும் சோடியம் அசிடேட் என்ற உப்பும்தான் மிஞ்சும். அந்த நுரை கறையின்மேல் செய்யும் வேலையே இல்லை, படிவை இளக்க வேண்டிய அமிலம் வீணாகும் காட்சி அது. தனித்தனியாக இரண்டுமே நல்ல பொருட்கள். சோடா தேய்ப்பதற்கு நல்ல பொடி, வாடையையும் ஓரளவு எடுக்கும், நான் பெராக்சைடோடு சேர்ப்பதும் அதனால்தான். சோடாவின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சேர்த்து ஊற்றச் சொல்பவர்கள்மேல் நிறைய இருக்கிறது. ஒருவர் சட்டையைக் காப்பாற்ற நேரம் ஒதுக்கி, பொருள் தேடி எடுத்து, உட்கார்ந்து தேய்க்கிறார். அவரை வெறும் நுரைக்கு உழைக்க வைப்பது அநியாயம்.

எலுமிச்சைச் சாறும் அமிலம்தான், அவசரத்துக்கு வினிகருக்குப் பதில் வைத்துக்கொள்ளலாம். உப்பு தேய்க்க மட்டும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துக் கரைக்கும் வழியும் உண்டு. வேலை செய்யாமல் இல்லை, ஆனால் வினிகர் இருக்கும் வீட்டில் மாத்திரையை எதற்குக் கரைக்க வேண்டும்?

எதைப் போட்டாலும் சூடு கூடாது. வெந்நீரில் புரதம் இறுகி இழையோடு பிடித்துக்கொள்ளும். டிரையரும் இஸ்திரிப் பெட்டியும் அதைவிட மோசம். ஈரமாக இருக்கும்போது மஞ்சள் போன மாதிரியே இருக்கும், காய்ந்தபின்தான் உண்மை தெரியும். அதனால் நிழலில் காயவைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மிச்சமிருந்தால் மறுபடி போட்டு எடுத்த பிறகே இஸ்திரி. பட்டும் கம்பளியும் தாமே புரத இழைகள். அவற்றை இந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள், விலை உயர்ந்தது என்றால் சலவைக்காரரிடம் கறை எதனால் வந்தது என்று சொல்லியே கொடுங்கள்.

பெராக்சைடின்மேல் இன்னொரு சலிப்பும் உண்டு. வெளிச்சம் பட்டால் சிதையும் என்பதால் அடர்நிற பாட்டிலில் வருகிறது. திறந்து நாளான பாட்டிலில் வீரியம் எவ்வளவு மிச்சம் என்பது பார்த்தால் தெரியாது. தடவி, காத்திருந்து, அலசி, காயவைத்த பிறகுதான் வெறும் தண்ணீரைத் தடவியிருக்கிறோம் என்று புரியும். வினிகர் அலமாரியில் எத்தனை நாள் இருந்தாலும் அப்படியே இருக்கிறது.

ஆகவே, மஞ்சளுக்குப் பெராக்சைடை மிஞ்ச ஆளில்லை என்று மேலே நானே எழுதியிருந்தாலும், ஒரே ஒரு பாட்டில் வாங்கு என்றால் வினிகரைத்தான் சொல்வேன். மதிப்பெண் போட்டால் பெராக்சைடுதான் ஜெயிக்கும், தெரியும். ஆனால் சட்டையை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருப்பது நான். நண்பரிடமும் இதையே சொன்னேன்: மஞ்சள் தெரியும்வரை காத்திருக்காதே, துவைக்கப் போடும்முன் அக்குள் தையலைத் தொட்டுப் பார், லேசாக விறைத்தாலே வினிகரில் போடு. காலையில் ரோல்-ஆன் போட்டால் அது காய்ந்த பிறகே சட்டையை மாட்டு. ஏற்கெனவே மஞ்சளான சட்டைகளை இந்த வாரம் ஒருமுறை வினிகரில் ஊறவைத்து, அலசி, காயவைத்து எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். அப்புறமும் நிறம் மிச்சமிருக்கும் சட்டைக்கு மட்டும் பெராக்சைடு, அதுவும் புது பாட்டிலிலிருந்து.