சொல்லாமல் செய்வதா, எழுதி வாங்கிவிட்டுச் செய்வதா?

வேலையில் இருந்துகொண்டே சொந்தமாக ஒரு செயலி உருவாக்கும் நிரலாளருக்கு வழி இரண்டுதான்: நிறுவனத்திடம் மூச்சுக் காட்டாமல் செய்வது, அல்லது முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்குவது.

முதல் வழியில் தொல்லை இல்லை, செயலி நாலு காசு பார்க்கும் வரை. அதன்பின் பணி ஒப்பந்தத்தைத் தேடி எடுப்பார்கள். 'பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே' என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. கையெழுத்திடும் நாளில் யார் அதைப் படிக்கிறார்கள்? சொந்த நேரத்தில் எழுதியதாக நீங்கள் சொல்லலாம். ஆனால் நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் கிட் (Git) கருவியின் பதிவில் செவ்வாய்க்கிழமை காலை 11.20 என்ற நேரமும், பக்கத்திலேயே அலுவலக மின்னஞ்சல் முகவரியும் இருந்தால் வாதம் அங்கேயே படுத்துவிடும். கலிஃபோர்னியா தொழிலாளர் சட்டத்தின் 2870-ஆம் பிரிவு ஊழியருக்குக் கைகொடுக்கிறது: சொந்த நேரம், சொந்தக் கருவி, நிறுவன ரகசியம் எதையும் தொடவில்லை என்றால் கண்டுபிடிப்பு அவருடையது. அங்கும் நிறுவனத்தின் தொழிலோடு தொடர்புடையது என்றால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பெரிய நிறுவனங்கள் கைவைக்காத தொழில் எது என்பது வேறு கேள்வி.

இரண்டாவது வழியில் 'முடியாது' என்ற பதில் வரலாம். யோசனையும் வெளியே தெரிந்துவிடும். ஆனாலும் என் ஓட்டு இதற்கே. ஹியூலெட்-பேக்கர்டில் வேலை பார்த்த ஸ்டீவ் வாஸ்னியாக், ஆப்பிள் 1 கணினியைத் தம் நிறுவனத்திடம் காட்டினார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். 1976-இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய ஆப்பிள் பிறந்தது. மேலாளரின் வாய்ச்சொல் மட்டும் போதாது, அவர் அடுத்த மாதமே வேறு வேலைக்குப் போய்விடலாம். செயலியின் பெயர், அது செய்யும் வேலை, தேதி மூன்றும் உள்ள கடிதத்துக்குச் சட்டப் பிரிவிலிருந்து பதில் வர வேண்டும். அதை அச்செடுத்து வீட்டில் வையுங்கள். வேலையை விடும் நாளில் அலுவலக அஞ்சல்பெட்டி மூடப்பட்டுவிடும்.