வூஃபருக்கு (பேஸ் ஸ்பீக்கருக்கு) எந்த ஆம்ப்ளிஃபையர் போர்டு: டிபிஏ3116-ஆ, டிடிஏ7294-ஆ?

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைக்குக் கடை இந்த இரண்டையும்தான் எடுத்து நீட்டுவார்கள், வாங்கப் போகிறவருக்குக் குழப்பம் வருவது இயல்பு.

செலவு: 3116 போர்டுக்கு வீட்டில் சும்மா கிடக்கும் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரே போதும்.
7294-இல் போர்டு விலை குறைவுதான், ஆனால் டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபையர் (ஏசியை டிசி ஆக்குவது), பெரிய கெப்பாசிட்டர், ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) எல்லாம் சேரும்போது பணம் அங்கேதான் போகிறது.

சூடு: 3116 கிளாஸ் டி, அதாவது வேகமாக ஆன்-ஆஃப் ஆகி வேலை செய்யும் வகை, 90 சதவீதம் வரை திறன், அதனால் சின்ன ஹீட்சிங்க் போதும். 7294 கிளாஸ் ஏபி, மின்சக்தியில் கணிசமான பங்கைச் சூடாக விடும் பழைய வகை. மே மாத வெயிலில் மூடிய பெட்டிக்குள் வைத்தால் கொதிக்கும், ஃபேன் வையுங்கள். அப்புறம், அதன் உலோக முதுகு மைனஸ் சப்ளையோடு இணைந்தது, மின்சாரம் கடத்தாத மைக்கா ஷீட் இல்லாமல் உலோக கேபினெட்டில் முறுக்கிவிடாதீர்கள்.

சக்தி: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். போர்டில் 100 வாட் என்று எழுதியிருந்தாலும், 19 வோல்ட்டில் 3116 ஒரு 8 ஓம் வூஃபருக்குச் சுமார் 20 வாட்தான் தரும், 4 ஓம் என்றால் 40 அளவு.
7294-க்கு 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர் (நடு முனையிலிருந்து இருபுறமும் 24 வோல்ட் ஏசி தருவது) கொடுத்தால் 8 ஓமில் சுமார் 60 வாட் வரை தெம்பாக ஓடும். 4 ஓம் வூஃபர் என்றால் 18-0-18 போதும்.

ஃபிளாட்டில் சின்ன அறை, 6 இஞ்ச் 4 ஓம் வூஃபர் என்றால் யோசிக்காமல் 3116. 10 இஞ்ச், 8 ஓம், பெரிய ஹால், சால்டரிங்கும் கைவரும் என்றால் 7294தான் என் தேர்வு. எதை வாங்கினாலும் பேஸ் ஒலியை மட்டும் வூஃபருக்கு அனுப்பும் லோ பாஸ் ஃபில்டர் போர்டு ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள்.