கல்லடியில நாங்க போற மிருக வைத்தியர்

எங்கட நாய்க்குட்டி மணிக்குப் பூச்சி மருந்து குடுத்தும் திரும்பத் திரும்ப வயிறு ஊதி, சளியோட கழிஞ்சுது. பாமசியொண்டில நிறை கேக்காமலே குளிசை தந்தாங்க. இந்த வைத்தியர் முதல்ல மணியைத் தராசில வைச்சுத்தான் பைரன்டல் எண்ட பூச்சி மருந்துப் பாணிய அளந்தார். மறுகா மலத்தை நுணுக்குக்காட்டியில பார்த்து, ஜியார்டியா எண்ட கண்ணுக்குத் தெரியாத குடல் ஒட்டுண்ணியும் இருக்கெண்டு அதுக்கு வேற மருந்து தந்தார். பைரன்டல் அதைத் தொடாதாம்.

உருளைப்புழு தாய்ப்பாலாலயும் குட்டிக்கு வரும். குடலில இருக்கிற புழு செத்தாலும், உடம்புக்குள்ள அலையிற குடம்பி, அதாவது வளராத புழு, தப்பிரும். அதால பூச்சி மருந்தை 8 கிழமை வயசு மட்டும் 2 கிழமைக்கொருக்கா, பிறகு 6 மாதம் மட்டும் மாதாமாதம் குடுக்கணும், தாய்நாய்க்கும் சேர்த்து. இதையெல்லாம் இருத்திவைச்சு விளங்கப்படுத்தினாரே, அதுக்கே கும்பிடலாம்!

பின்னேரத்தில சனம் கூட. மணி இப்ப மீன்சோறு வடிவாத் தின்னுறான். போறாக்கள் அண்டைக்குப் போன மலத்தைச் சின்னப் போத்தில்ல கொண்டு போங்க.